இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள்

வேப்பம்பட்டுப் பெற்றோர்களே, திருநின்றவூர், செவ்வாப்பேட்டைப் பக்கத்துப் பெற்றோர்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கோபம் வந்தால் வரட்டும். முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைத் தாண்டிய ஒரு தகப்பனும் அவருடைய இரண்டு மகள்களும் விரைவு வண்டி மோதி இறந்தார்கள். ஊர் கொதித்தது. ஆண்டுக்கணக்காக முடியாமல் கிடக்கும் மேம்பாலத்தை முடித்துக் கொடுங்கள் என்று மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். கேட்டதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. அவர்கள் செய்தது இந்தத் தடத்தில் எல்லோரும் தினமும் செய்வதுதான். என் கோபமெல்லாம், அந்த மூன்று பேரையும் வழியனுப்பிவிட்டு வந்த பிறகும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு லைனில் இறங்குகிறவர்கள் மீதுதான்.

காலை நேரத்தில் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்று பாருங்கள். அப்பா முதலில் குதிக்கிறார். அம்மா ஸ்கூல் பையைத் தூக்கிக் கொடுக்கிறாள், பிறகு டிபன் பை, பிறகு பிள்ளை. ஜல்லியில் பிள்ளையின் ஷூ வழுக்குகிறது. "சீக்கிரம் வா, வண்டி தூரத்துலதான் இருக்கு" என்று அப்பா இழுக்கிறார். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே பார்க்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இடப்பக்கமும் பார்ப்பதில்லை, வலப்பக்கமும் பார்ப்பதில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அப்பாவுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் வருகிறது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறியதும் அப்பா சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்கிறார். பிள்ளை அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிட்டது. நாளை அப்பா இல்லாமல் தனியாக வரும்போது அந்தப் பாடத்தைத்தான் எடுத்துப் பயன்படுத்தும்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "இத்தனை வருஷமா தாண்டுறோம், ஒண்ணும் ஆகலையே." நம் ஊரில் பிள்ளைகளின் உயிருக்கு எமனாக வந்து நிற்பது இந்த ஒரு வாக்கியம். இது அனுபவத்தின் பேச்சு மாதிரி இருக்கும். உண்மையில் இது தப்பித்ததைத் திறமை என்று எண்ணிக்கொள்ளும் பேச்சு.

கணக்காகவே பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஒரு முறை தாண்டினால் அடிபட லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். லட்சத்தில் ஒன்று என்றால் யாருக்கும் பயம் வராது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வருடத்தில் 300 நாள் என்றால் 600 முறை. பத்து வருடத்தில் 6,000 முறை. இப்போது அந்த வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. வீட்டில் நான்கு பேர் இதே போல் தாண்டினால், நால்வரில் ஒருவராவது அடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிடும். உண்டியலில் தினம் போடுகிற காசு போல, கண்ணுக்குத் தெரியாமல் ஆபத்து சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு நாளும் தனித்தனியாகப் பார்த்தால் பத்திரமாகத்தான் இருக்கும். மொத்தமாகப் பார்க்கிறவருக்குத்தான் விஷயம் புரியும். அப்படி மொத்தமாகப் பார்ப்பது பெற்றவர்களின் வேலை, பிள்ளைகளின் வேலை இல்லை.

'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணத்தால் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையங்கள் சேதமாவது அதற்கு முன்பே சில பயணங்களில் தெரிந்திருந்தது. சேதத்தோடு போன கலங்கள் பத்திரமாகத் திரும்பி வந்ததால், அந்தச் சேதம் பொறுத்துக்கொள்ளக்கூடியது என்று பொறுப்பில் இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். குளிரில் அந்த வளையம் வேலை செய்யாது, இன்றைக்கு ஏவ வேண்டாம் என்று முந்தின இரவே பொறியாளர்கள் சொன்னதும் எடுபடவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், முன்பு தப்பித்ததை அடுத்த முறைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொண்டதே பெரிய பிழை என்று எடுத்துக்காட்டினார். அத்தனை விஞ்ஞானிகள் இருந்த இடத்திலேயே அந்த எண்ணம் ஏழு உயிரைக் கொண்டுபோனது. அதே எண்ணத்தை நம்பித்தான் நாம் பிள்ளைகளை ஜல்லியில் இறக்குகிறோம்.

"நான் இரண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே தாண்டுறேன்" என்கிறார்கள். பார்க்கிறீர்கள், சரி. பார்த்தது போதுமா என்பதுதான் கேள்வி. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 30 மீட்டர் வந்துவிடும். இங்கே உள்ள நான்கு தடத்தையும் குறுக்கே தாண்ட ஏறக்குறைய இருபது மீட்டர் நடக்க வேண்டும். ஜல்லியில், பையோடு, சின்னப் பிள்ளையோடு நடந்தால் இருபது விநாடி ஆகும். அந்த இருபது விநாடியில் வண்டி 600 மீட்டர் வந்திருக்கும். நீங்கள் இறங்கும்போது கண்ணுக்கே சரியாகப் படாத தூரத்தில் இருந்த வண்டி, நீங்கள் மூன்றாவது தடத்தில் கால் வைக்கும்போது தலைமேல் நிற்கும். டிரைவர் உங்களைப் பார்த்துப் பிரேக் பிடித்தாலும், அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். அவர் ஹாரன் அடிக்கலாம். வண்டியை ஒதுக்கிக்கொண்டு போக அவரால் முடியாது.

கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. பெரிய உருவம் வேகமாக வந்தாலும் மெதுவாக வருவது போலத்தான் தோன்றும் என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-லேயே விளக்கியிருக்கிறார். விமானம் இறங்கும்போது மெதுவாக மிதந்து வருவது போலத் தெரிவதும் இதனால்தான். வண்டி நேராக நம்மை நோக்கி வரும்போது அது பெரிதாவதைத் தவிர நம் கண்ணுக்கு வேறு துப்பில்லை. தூரத்தில் இருக்கும்வரை அது பெரிதாவதும் தெரியாது. பெரிதாகத் தெரிகிற நேரத்தில் காலம் கடந்துவிடும். மும்பை வடாலா பக்கத்தில், தண்டவாளம் தாண்டுவோரின் சாவைக் குறைக்க 2010 வாக்கில் ஒரு முயற்சி நடந்தது. வண்டியின் வேகத்தைக் கண் கணிப்பதற்காகத் தண்டவாளத்துக் குறுக்குக் கட்டைகளில் சிலவற்றுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். ஒரே நீளமாக அடிக்கும் ஹாரனை இரண்டு குறு ஹாரன்களாக மாற்றினார்கள். வண்டி மோதப் போகும் மனிதனின் முகத்தைப் பெரிய படமாக வைத்தார்கள். அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது. மனிதக் கண்ணும் காதும் இந்த விஷயத்தில் எவ்வளவு பலவீனம் என்பதை ஏற்றுக்கொண்டதால்தான் அந்த யோசனையே பிறந்தது.

பெரியவர் கண்ணுக்கே இந்தக் கதி. பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நேராக வரும் வண்டி நெருங்குவதைச் சரியாக உணர முடியவில்லை என்று தெரிந்தது. கவனக் குறைவால் வந்த குறை இல்லை இது, அந்த வயதின் பார்வைத் திறனே அவ்வளவுதான். ஆகவே "பார்த்துத் தாண்டு கண்ணு" என்று சொல்லி அனுப்புவது, பிள்ளையால் முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி அனுப்புவது.

பார்த்தும் தெரியாத ஆபத்து இன்னொன்று உண்டு. இந்தத் தடத்தில் அதுதான் அதிகம் கொல்லக்கூடியது. லோக்கல் வண்டி புறப்பட்டுப் போகிறது. அதன் கடைசிப் பெட்டி தாண்டியதும் "போயிடுச்சு, வா" என்று இறங்குகிறோம். அந்த லோக்கல் மறைத்திருந்த அடுத்த தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கும். லோக்கல் போன சத்தத்தில் இதன் சத்தமும் கேட்காது. மின்சார இன்ஜின் பழைய டீசல் இன்ஜின் போல தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வருவதும் இல்லை. நமக்குத் தெரிவது ஒரு வண்டி, தெரியாதது இன்னொரு வண்டி. தெரியாததை இல்லாததாக எடுத்துக்கொள்வதில்தான் முடிவெடுப்பவர் தவறுகிறார். தெரியாத இடத்தில், இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பவர்தான் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவார்.

நம் பயமும் இடம் மாறிப் போயிருக்கிறது. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் சரிந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, இனி பிள்ளைகளை ரயிலில் அனுப்பவே மனசு வரவில்லை என்று பேசியவர்கள் நம் மாவட்டத்திலேயே எத்தனை பேர்! அந்த விபத்தில் பயணிகள் உயிர் தப்பினார்கள். தண்டவாளத்தில் நடக்கும் சாவோ ஓசையில்லாமல் தினம் நடக்கிறது. ஊரடங்கினால் வழக்கமான பயணி வண்டிகள் மாதக்கணக்கில் ஓடாத 2020-ஆம் ஆண்டிலேயே நாடெங்கும் தண்டவாளங்களில் 8,733 பேர் இறந்ததாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு ரயில்வே வாரியம் பதில் தந்தது. வண்டிகள் முழுதாக ஓடிய காலத்தைப் பற்றி அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012-ல் தந்த அறிக்கை, ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 பேர் இப்படிச் சாவதாகவும், அதில் 6,000 பேர் மும்பைப் புறநகர்த் தடத்தில் மட்டுமே சாவதாகவும் சொன்னது. ரயில்வேயின் கணக்கில் இவை ரயில் விபத்தாகவே வராது, அத்துமீறல் என்ற தலைப்பில் போய்விடும். டிவியில் வராத சாவுக்கு நாம் பயப்படுவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் ஆபத்தை விட்டுவிட்டுத் திரையில் தெரியும் ஆபத்துக்குப் பயப்படுகிறோம்.

இந்த ஆபத்துக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன? ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. அந்த லோக்கல் போனால் அடுத்த லோக்கல். கம்பெனியில் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள், பள்ளியில் வாசலில் நிறுத்திவைப்பார்கள். கஷ்டம்தான், குறைத்துச் சொல்லவில்லை. அம்பத்தூருக்கும் பெரம்பூருக்கும் ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஒரு வண்டியின் அருமை தெரியும். ஆனால் தராசின் ஒரு தட்டில் அரை நாள் சம்பளம், மறு தட்டில் பிள்ளை. அரை நாள் சம்பளம் அடுத்த மாதம் வந்துவிடும். திரும்பி வராத ஒன்றை, திரும்பி வரக்கூடிய ஒன்றுக்காகப் பந்தயம் வைக்கக் கூடாது. ஆபத்து எவ்வளவு சிறிது என்று மட்டும் கேட்காதீர்கள், நடந்துவிட்டால் மீள முடியுமா என்று கேளுங்கள். மீள முடியாது என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

'ஒன்றும் ஆகாது' என்ற இந்த எண்ணம் ரயில் பாதையோடு முடிவதில்லை. சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை, அப்பாவுக்கு மட்டும் ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது சட்டம். பத்தாவது படிக்கும் பையனுக்கு "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று வண்டிச் சாவியைக் கொடுக்கிறோம். சிறுவன் ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றவருக்குத்தான் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2012 ஜூலையில் தாம்பரம் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வண்டி வரும் நேரத்தில் அங்கே கேட் மூடப்பட்டிருக்கவில்லை. உங்கள் பிள்ளை போகும் வேனின் டிரைவர், கேட் திறந்திருந்தாலும் நிறுத்தி இரு பக்கமும் பார்க்கிறாரா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? மார்க் ஷீட்டில் இரண்டு மார்க் குறைந்தால் பள்ளிக்கு ஓடுகிறவர்கள் இதைக் கேட்க ஓட வேண்டாமா?

சரி, என்ன செய்வது? முதல் வேலை, முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுவது. வண்டி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், ஹாரன் கேட்கிற நேரத்தில், நாலு பேர் இறங்கி ஓடுகிற நேரத்தில் எந்தப் புத்திசாலியும் சரியாக முடிவெடுக்க மாட்டான். அந்த இடத்தில் யோசனைக்கே வேலை இருக்கக் கூடாது. "நம்ம வீட்டுல யாரும் லைன்ல இறங்குறதில்ல" என்று இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எல்லோரும் கூடி முடிவு செய்யுங்கள். தாத்தா பாட்டிக்கும் அதே விதி, விருந்தாளிக்கும் அதே விதி, அவசரத்துக்கும் அதே விதி. ஒரு நாள் மட்டும் என்று சொன்னால் விதி அன்றோடு செத்துவிடும்.

இரண்டாவது, அவசரத்தின் வேரை வெட்டுங்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். சீசன் டிக்கெட் எடுத்து வையுங்கள், கவுண்டர் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம். பையையும் தண்ணீர் பாட்டிலையும் ராத்திரியே எடுத்து வையுங்கள். பிள்ளை தாமதமாக வந்தால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்த பிள்ளைதான் குறுக்கே ஓடும். "வண்டி போனா போகட்டும், நீ சுத்தி வா" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை அப்பா அம்மா வாயால் கேட்காத பிள்ளைகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

மூன்றாவது, காலேஜுக்குப் போகும் பெரிய பிள்ளைகளிடம் பேசுங்கள். காதில் இயர்போன், கையில் போன், பக்கத்தில் நண்பர்கள் என்று அவர்கள் லைன் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். சட்டம் சொல்லி மிரட்டினால் அவர்கள் கேட்க மாட்டார்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதச் சிறை வரை இருக்கிறது, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆனாலும் தாண்டுகிறார்கள். மேலே சொன்ன 600 மீட்டர் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்து அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, முட்டி வலிக்காரரும் கைக்குழந்தைக்காரியும் கர்ப்பிணியும் படியேற முடியாமல்தான் லைனில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு அறிவுரை மட்டும் போதாது. பாதுகாப்பான வழி சுலபமான வழியாகவும் இருக்க வேண்டும். மேம்பாலம், சுரங்கப்பாதை, லிஃப்ட், சாய்தளம் என்று எது தேவையோ அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை. சாவு விழுந்த அன்றைக்கு மறியல், மறு வாரம் மறதி என்று இருந்தால் எந்தப் பாலமும் எழும்பாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர் நாள் நடக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பெற்றோர்களாகச் சேர்ந்து போய்த் தீர்மானம் போடுங்கள், மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள், அடுத்த மாதம் அந்த ரசீதோடு திரும்பப் போய் நில்லுங்கள். ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும் ஒருவரை ஒருவர் கை காட்டினால் இரண்டு பேரிடமும் எழுதி வாங்குங்கள்.

"பாலம் கட்டட்டும், அப்புறம் சுத்திப் போறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அரசு தன் கடமையைத் தாமதிக்கலாம், அது தவறு, அதற்காகச் சண்டை போடுவோம். அது முடியும்வரை நம் கடமையை நாம் தள்ளிப்போட முடியாது. வரும் வண்டி, பாலம் கட்டாதது யார் குற்றம் என்று கேட்டுவிட்டு மோதாது. நல்ல முடிவு என்பது நல்லபடியாக முடிந்த முடிவு என்று நினைக்காதீர்கள். அதிர்ஷ்டத்தால் தப்பித்த கெட்ட முடிவுகள் நிறைய உண்டு. தெரிந்ததை வைத்து, தெரியாததற்கும் இடம் விட்டு, பிள்ளையின் உயிரைப் பந்தயத்தில் வைக்காமல் எடுத்ததே நல்ல முடிவு.

பெற்றோர்களே, இந்த ஊரில் ஒரு வீட்டில் மூன்று பேரைப் பறிகொடுத்தோம். இன்னொரு வீட்டில் அது நடக்க விடக் கூடாது. நாளைக் காலையில் வண்டி கிளம்பிவிட்டால் கிளம்பட்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். லைனில் இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள்.